நெட் போன நேரம்

ஜூன் 3, சனி

இந்த நோட்டைச் சங்கரி வாங்கிக் கொடுத்தாள். அட்டையில் 'நெட் போன நேரம்' என்று அவளே எழுதியும் கொடுத்தாள். புகார் சொன்னால் எப்போதெல்லாம் போகிறது என்று கேட்கிறார்களாம். அவள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வேறு எதையும் கவனிக்க முடியாது.

"நீ ஹால்லதான இருக்க. சுவத்துல பச்ச வெளிச்சம் செவப்பா மாறுச்சுன்னா நெட்டு போயிட்டுன்னு அர்த்தம். ஒடனே எழுதி வையும்மா" என்றாள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், கல்யாண வீட்டுக் கவர் மேல் பேரும்தான். எழுத எழுத வந்துரும் என்றாள் என் மகள்.

இன்றைக்கு: மத்தியானம் சோறு வடிக்கும்போது போயிற்று. குழம்பு தாளிக்கும்போது வந்தது. நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது மறுபடி போயிற்று.

ஜூன் 5, திங்கள்

சங்கரி நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எம்மா, சோறு வடிக்கும்போது போச்சுன்னு எழுதுனா கம்பெனிக்காரன் என்னத்தக் கண்டான்? மணியப் போடு."

"நான் சோறு வடிக்க நேரம் இந்தத் தெருவுக்கே தெரியும்."

"தெருவா வந்து நெட்ட சரி பண்ணப் போவுது?"

வாய்விட்டுச் சிரித்தாள். அவர் போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டு சுவரில் அவள் அப்பா படத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். நான் கீரை ஆய்ந்தேன்.

இன்றைக்குப் பன்னிரண்டரைக்குப் போயிற்று. மூன்று மணிக்கும் போயிற்று. நடுவிலும் ஒன்றிரண்டு தடவை. அப்போது அடுப்பில் பால் இருந்ததால் மணி பார்க்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

கம்பெனிக்காரர்கள் இந்த நோட்டைப் படித்தால் அவர்களுக்கு எங்கள் வீடு தெரியாது. அதனால் வீட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

ஊர் சங்கரன்கோவில். வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், ஓர் அடுப்படி, மேலே மொட்டை மாடி. என் வீட்டுக்காரர் பெயர் கோமதிநாயகம். மினிபஸ் ஓட்டினார். கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் இருந்தபோது சங்கரியின் வேலைக்காக இந்த நெட்டை இழுத்தார். ஹால் சுவரில் உயரமாக ஒரு சின்னப் பலகை அடித்து, அதன் மேல் வைபை பெட்டியை அவர்தான் வைத்தார். "ஒசரத்துல இருந்தாத்தான் எல்லா ரூமுக்கும் பாயும்" என்றார். தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொண்டு சொன்னாரோ என்னவோ, ஆனால் நன்றாகத்தான் பாய்ந்தது. பலகைக்கு மேலே ஒரு கொக்கியும் அடித்தார். எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும், என்னத்துக்காவது ஆகும் என்றார்.

மாசி மாதம் காலையில் முதல் நடை எடுக்கப் போனவர், வண்டியில் ஏறும் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் கொழுந்தன் சண்முகவேல் பெரிய படம் போட்டுக் கொண்டுவந்தார். காக்கிச் சட்டையில் இருந்த போட்டோவைக் கொடுத்தால், கடைக்காரன் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருக்கிறான். கண்ணாடி போட்டு, பின்னால் தகரம் அடித்து, கனமான படம். எங்கள் வீட்டுச் சுவர் ஆணி இறங்காத சுவர். அதோடு சாவு விழுந்த வருஷத்தில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் அடித்த கொக்கி சும்மா இருந்தது. அதில் மாட்டினார்கள். படம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும் அல்லவா, பெட்டி அதற்குப் பின்னால் போய்விட்டது. ஒரு வருஷம் முடிகிற வரை படத்தை அசைக்கக் கூடாது என்றும் சொன்னார் சண்முகவேல்.

பெட்டி கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் ஓரமாகச் சுவரில் பச்சை வெளிச்சம் விழுவது மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் படத்தைத் துடைத்துப் பூ வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

ஜூன் 7, புதன்

மத்தியானம் போயிற்று. நாலு மணிக்கு மேல் வந்தது.

ஜூன் 9, வெள்ளி

சங்கரி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சீட்டு பார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள். யாருக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று பார்த்து நம்பர் போட வேண்டும். ஆபீஸ் சென்னையில். அப்பா போனதும் கெஞ்சிக் கேட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள். எனக்காகத்தான். நான் தனியாக இருப்பேன் என்று.

இன்றைக்கு அவளுடைய மேனேஜர் அம்மாள் பேசினாள். நடுவில் மூன்று தடவை அறுந்தது. பிறகு செல்போனில் கூப்பிட்டாள். சங்கரி அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"இருவத்தாறாம் தேதி வெளிநாட்டுக்காரங்களோட மீட்டிங்காம். அன்னைக்கும் கட்டானா சென்னைக்கே வந்துருன்னுட்டாங்க."

"அவ என்ன, அவ்வளவு பெரிய ஆளா?"

"ஆமா, பெரிய ஆளுதான்."

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் செல்போனில் பேசலாம், நெட் நிற்காது. தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் நிற்கும். போனிலிருந்து நெட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் ஓட்டலாம் என்றாள். வைகாசி வெயில். தொட்டி நிழல் ஒரு பாய் அகலம்கூட இருக்காது.

ஜூன் 12, திங்கள்

கேபிள்காரர் ஜெயபாண்டி வந்தார். நாற்பது வயசுக்காரர். வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பாக்ஸ் எங்க இருக்குக்கா?"

படத்தைக் கைகாட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர், படத்தைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம மினிபஸ் அண்ணாச்சியா! கோட்டு போட்டிருக்கவும் அடையாளம் தெரியலக்கா."

"போட்டோக் கடைக்காரன் போட்டது."

"இந்த ஏணியோட என்னைய வண்டியில ஏத்திக்கிடுவாரு. வேற எவன் ஏத்துவான்? 'லேய், ஏணிக்கும் சேத்து டிக்கெட் எடுல'ம்பாரு. எடுக்க விட மாட்டாரு."

நான் டீ போடப் போனேன். வந்து பார்த்தால் ஸ்டூலில் ஏறி, படத்தைத் தொடாமல், ஓரமாகக் கழுத்தை நீட்டி, செல்போன் லைட்டை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்ச எரியுது. பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கோளாறு வெளியதான்."

கம்பத்தில் ஏறினார். அணில் கடித்த வயர் என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். புது வயர் இழுத்தார். போகும்போது படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லையே என்று நான் சொல்லவில்லை. சங்கரியும் அங்கேதான் நின்றாள். அவளும் சொல்லவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

காலையில் நன்றாக ஓடியது. அணில்தான் காரணம் என்று சங்கரி சந்தோஷப்பட்டாள். மத்தியானம் போயிற்று.

பக்கத்து வீட்டுச் செண்பகம் முறுக்கு கொண்டுவந்தாள். என் வயசுக்காரி, வாய் ஓயாது. படத்தைப் பார்த்து, "ஏளா ஆவுடை, அண்ணன் தலைக்குப் பின்னால பச்ச வெளிச்சம் அடிக்கி. சாமிப்படம் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"சாமிதான். மத்தியானம் ஆனா மலையேறிருது."

"எம் போன்ல நெட்டத் தொறந்தா மொதல்ல கோமதிநாயகம்னு அண்ணன் பேருதான் வருது. எங்க வீட்டுக்காரரு, 'என்னட்டி, இன்னும் சுத்திக்கிட்டு இருக்காரு'ங்காரு."

நெட் வாங்கின புதிதில் தன் பேரையே அதற்கு வைத்துக்கொண்டார் அவர். செண்பகம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு முறுக்கை டப்பாவில் போட்டு வைத்தேன். அவருக்குப் பிடித்த முறுக்கு அது.

ஜூன் 14, புதன்

ஒரு மணிக்குப் போயிற்று. படம் ரொம்ப வெதுவெதுப்பாக இருக்கிற நேரமும் அதுதான்.

இதை எழுதியிருக்க வேண்டாம். அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

நாலு மணிக்கு ஒரு விஷயம் பார்த்தேன். படக் கண்ணாடியில் உள்ளங்கை அடையாளம். நெஞ்சுப் பக்கம், கோட்டுப் பொத்தானுக்கு மேலே. நேற்றுத்தான் துடைத்தேன். என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் கை பெரிதாக இருந்தது.

துடைக்காமல் விட்டுவிட்டேன். இது நெட் நோட்டு.

ஜூன் 16, வெள்ளி

குற்றாலத்துப் பக்கம் சாரல் விழுந்திருக்கும் போல. காலையிலிருந்து குளிர்ந்த காற்று. வெயிலே இல்லை. நாள் முழுக்க நெட் போகவில்லை. சங்கரி கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

சாயங்காலம் படத்தைத் துடைத்தேன். சூடே இல்லை.

நெட் நன்றாக ஓடினதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 17, சனி

வெயில். மத்தியானம் போயிற்று. படம் பழையபடி.

ஜூன் 19, திங்கள்

ஜெயபாண்டி மறுபடி வந்தார். சங்கரி இந்த நோட்டைக் காட்டினாள். பக்கத்தைப் புரட்டப் போனவரிடமிருந்து நான் வெடுக்கென்று வாங்கி, "நானே வாசிக்கேன்" என்று நேரங்களை மட்டும் வாசித்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் மத்தியானமால்லா இருக்கு. சூட்டுலதான் பாக்ஸ் நின்னு நின்னு போவுது. பின்னால காத்தே இல்ல, முன்னால தகரம் அடிச்ச படம். சிக்னலும் வெளிய வராது, சூடும் வெளிய போவாது. பாக்ஸ எடுத்து அந்த ரூம் வாசலுக்கு மேல வச்சிட்டா சரியாப் போவும்."

"எடுக்க வேண்டியதுதான?" என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

"படத்த எறக்காம எடுக்க முடியாதுக்கா. பலகையும் அதுக்குப் பின்னாலல்லா இருக்கு." அவர் துண்டைக் கையில் முறுக்கினார். "அண்ணாச்சி படத்த நான் எப்பிடிக்கா எறக்குவேன்? நீங்க எறக்கி வச்சிட்டுக் கூப்புடுங்க. ஒடனே வாரேன்."

நான் பதில் சொல்வதற்குள் சங்கரி முந்திக்கொண்டாள்.

"வேண்டாண்ணே. வருசம் முடியாம எறக்கக் கூடாதுன்னு சித்தப்பா சொல்லியிருக்காங்க. வேற வழி இருந்தா பாருங்க."

நெட் சரியாகாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டியது அவள். வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 21, புதன்

சண்முகவேல் பூ மார்க்கெட்டில் இருக்கிறார். புதன்கிழமை தவறாமல் அண்ணன் படத்துக்கு மல்லிகை கொண்டுவந்து கொடுப்பார். இன்றைக்கும் வந்தார்.

"மதினி, நெட்டு சரியாச்சா?"

"இல்ல. பெட்டிக்குக் காத்து வேணுமாம். படத்த எறக்கணும்ங்காரு."

"எறக்கிட்டுத் திரும்ப மாட்டிருங்க."

"வருசம் வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "அன்னைக்குப் பெரியாளுக எல்லாம் இருந்தாங்க, சொன்னேன். புள்ள பொழப்ப விட அது பெருசா? அண்ணன் இருந்தா அவனே ஸ்டூலப் போட்டு ஏறியிருப்பான். கோட்டோடவே ஏறியிருப்பான். தள்ளுங்க, நான் எறக்குதேன்."

ஸ்டூலை இழுத்தே விட்டார்.

"வேண்டாம்!"

அடுப்படியில் தம்ளர் கீழே விழுந்த மாதிரி இருந்தது என் சத்தம். அவர் ஸ்டூலை விட்டுவிட்டார்.

"இன்னைக்கு நாள் சரியில்ல" என்றேன்.

"பொதங்கிழம நல்ல நாளுதான மதினி?"

"எனக்குச் சரியில்ல."

பூவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்த சங்கரி, "சித்தப்பாகிட்ட கேட்டியாம்மா? என்ன சொன்னாங்க?" என்றாள்.

"வருசம் திரும்பட்டும்னாங்க."

"சரிம்மா" என்றாள். முகம் கழுவப் போனாள்.

ஜூன் 22, வியாழன்

மத்தியானம் அவளுக்கு மோர் கொண்டுபோனேன். தொட்டி நிழல் சுருங்கிப் போயிருந்தது. லேப்டாப்புக்கு மட்டும் நிழலை விட்டுவிட்டு அவள் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் என் பழைய துண்டு. முகம் சிவந்து கிடந்தது. "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், போ போ என்று.

மூன்று மணிக்கு மேல் இறங்கி வந்தாள். படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு இருட்டுதும்மா" என்றாள். நான் போய்ப் பிடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். தலையைத் தொட்டால் கொதிக்கிறது.

தூக்கிக்கொண்டு வந்து ரூமில் படுக்க வைத்து, ஈரத் துணி போட்டேன். நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அவள் அப்பா பேசுகிற மாதிரியே, "ஒண்ணுமில்ல, சரியாப் போவும்" என்றாள். அவரும் அன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது தோளைத் தடவிக்கொண்டு அதைத்தான் சொன்னார்.

தலையில் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். அவள் தலைச் சூடு என் உள்ளங்கைக்கு நன்றாகத் தெரிந்தது. சாயங்காலம் படத்தைத் துடைக்கவில்லை.

நெட் எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை.

ஜூன் 23, வெள்ளி

காலையில் சங்கரிக்குக் காய்ச்சல் இல்லை. லீவு சொல்லிவிட்டுத் தூங்கினாள். நான் குளித்துவிட்டு ஜெயபாண்டிக்குப் போன் பண்ணினேன். செண்பகத்தைக் கூப்பிட்டு ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னேன்.

"சண்முகவேல் அண்ணனையாவது வரச் சொல்லேன்" என்றாள் அவள்.

"நான்தான் எறக்கணும்."

ஏறினேன். மாலையைக் கழற்றிக் கீழே கொடுத்தேன். இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. கொக்கியிலிருந்து விடுபட்டதும் பின்னாலிருந்து ஒரு பல்லி குதித்து ஓடியது. செண்பகம் ஸ்டூலை விட்டுவிட்டு அலறினாள். "ஏளா, பிடிச்சுக்கோ, நானும் அவரும் சேந்து விழுந்துரப் போறோம்" என்றேன். அந்தப் பல்லியும் கதகதப்பைக் கண்டுபிடித்துத்தான் அங்கே குடியிருந்திருக்கிறது.

இறங்கி, படத்தை ஹால் கட்டிலில் கிடத்தப் போனேன். "படுக்க வைக்காத, சாத்தி வை" என்றாள் செண்பகம். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன்.

மறுபடி ஏறிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது. பலகைக்குக் கீழே சுவரில் பென்சில் கோடு தெரிந்தது. ஆணிக்கு அளவு பார்த்து அவர் போட்ட கோடு. முதல் கோடு தப்பாகப் போட்டு, அடித்துவிட்டு, இரண்டாவதாக ஒன்று போட்டிருக்கிறார். அன்றைக்கு நான் கீழே நின்று "இடது பக்கம் ஏறியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஒனக்கு எல்லாமே ஏறித்தான் தெரியும்" என்றார்.

சத்தம் கேட்டுச் சங்கரி எழுந்து வந்து ரூம் வாசலில் நின்றாள். வெறும் சுவரைப் பார்த்தாள். கட்டிலில் அப்பாவைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா செய்யுத?"

"பெட்டிக்குக் காத்து வேணும்லா."

"சித்தப்பா வேண்டாம்னாங்கன்ன?"

"அவங்க எறக்கச் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

அவள் செண்பகத்தை நகர்த்திவிட்டு வந்து ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் எறக்க வேண்டாம்னுதாம்மா இருந்துச்சு" என்றாள். கீழே பார்த்துக்கொண்டு, ஸ்டூல் காலிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஜெயபாண்டி வந்து ரூம் வாசல் மேலே இருந்த ஸ்லாப்பில் பெட்டியை வைத்து வயரை நீட்டினார். பெட்டியின் பேரை மாற்றி வைக்கட்டுமா, புதிதாக ஒரு பேர் போட்டுக்கொள்ளலாம் என்றார். நானும் சங்கரியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, அண்ணாச்சியே இருக்கட்டும்" என்றார்.

படத்தை அதே கொக்கியில் மாட்டினேன். பெட்டி இல்லாததால் முன்னை விடச் சுவரோடு ஒட்டி நிற்கிறார். மாலை போட்டேன். துணியால் துடைத்தேன். கை வைக்கவில்லை.

ஜூன் 24, சனி

நல்ல வெயில். நெட் போகவில்லை.

ஜூன் 26, திங்கள்

மீட்டிங் மூன்று மணிக்கு. சங்கரி நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்துகொண்டு ரூம் வாசல் மேலே பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்சி போடவில்லை. தாளிக்கவில்லை. செண்பகம் வாசலில் நின்று "ஆவுடை" என்று வாயைத் திறந்தாள். கையைக் காட்டி வாயடைத்தேன். அவளும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் எங்கேயோ காப்புக் கட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தோம்.

மத்தியான நடை மினிபஸ் தெருமுனையில் போகிற சத்தம் கேட்டது. அவர் ஓட்டினபோது அங்கே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், நான் டீத்தூக்கை எடுத்துக்கொண்டு போவேன். இப்போது இருக்கிற டிரைவர் அடிக்காமல் போகிறார். அவருக்குத் தெரியாது அல்லவா. இன்றைக்கு அடிக்காமல் போனது நல்லதாகப் போயிற்று. மீட்டிங்கில் கேட்டிருக்கும்.

விளக்கு பச்சையாகவே இருந்தது.

முடிந்ததும் சங்கரி காதிலிருந்து கழற்றிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அங்கனயே இருந்து பாருன்னுட்டாங்கம்மா! ஒரு தடவகூடக் கட்டாகல!"

"பின்ன? நாங்க ரெண்டு பேரும் கண்ண எடுக்காமல்லா பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள் செண்பகம்.

அதற்குப் பிறகுதான் தாளித்தேன். மத்தியானச் சாப்பாட்டை அஞ்சு மணிக்குச் சாப்பிட்டோம்.

ஜூன் 27, செவ்வாய்

காலையில் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். சங்கரி குளித்துவிட்டு வந்தாள். பெட்டியை மாற்றிய பிறகு படத்துக்கு நேரே போய் அவள் நிற்கவில்லை. இன்றைக்குப் போனாள். நான் இங்கிருந்து பார்ப்பது அவளுக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். உள்ளங்கையை விரித்து, நெஞ்சுப் பக்கம், கோட்டுப் பொத்தானுக்கு மேலே வைத்தாள். அந்த இடமேதான்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். எடுக்கவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

நான் மாவுக் கையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தாள். மறைக்கவில்லை.

"குளுந்து கெடக்கும்மா" என்றாள்.

"ஆமா."

"ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மத்தியானந்தான் தொடுவேன். நீ படுத்த பெறவு."

"நான் சாயங்காலம். வெளக்கு வைக்கும்போது."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் மாதிரி இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்தாள். "ஏம்மா, ஒங்கையும் சில்லுனு இருக்கு" என்றாள். ஃபிரிட்ஜில் இருந்த மாவு, வேறு எப்படி இருக்கும் என்றேன். அவள் விடவில்லை. மாவு ஒட்டுகிறது என்று சொல்லியும் விடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சூடு வருகிற வரை நின்றாள்.

பிறகு தோசை ஊற்றினேன். ஹாலில் அவருக்குக் கீழே உட்கார்ந்து வேலை ஆரம்பித்தாள்.

"இனிமே அந்த நோட்டுல எழுத வேண்டாம்மா. அதான் சரியாயிட்டுல்லா" என்றாள்.

இன்றைக்கு மட்டும் எழுதிவிடுகிறேன் என்றேன்.

நெட் போகவில்லை.